பிச்சிப்பூவும் நீல நெருப்பும்

விடியற்காலை நாலரை மணிக்குத் தோவாளைப் பூச்சந்தையில் நின்றுகொண்டிருந்தேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. உறக்கம் பிடிக்காத இரவுகளில் முதல் பஸ்ஸைப் பிடித்து அங்கே போய் நிற்பது சில வருஷங்களாகப் பழகிவிட்டது. ஆனி மாதச் சாரல் தூவிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே பிச்சி, மல்லி, சம்பங்கி, அரளி, கொழுந்து என்று குவியல் குவியலாகக் கிடந்தன. பிச்சி மொட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை கிடையாது. வெயில் ஏறுமுன் வண்டி ஏறியாக வேண்டும். 'திருவோந்திரம், திருவோந்திரம்' என்று ஒருவர் பெட்டிகளைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தார். மேற்கே போகிற பூ அது. நாஞ்சில் நாட்டுப் பூவைத் திருவனந்தபுரத்துப் பெண்கள் தலையில் வைப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல.

அப்போதுதான் அந்தப் பூ நினைவுக்கு வந்தது. திருவனந்தபுரம் பட்டத்தில் எடுத்த ஒரு ஊமைப்படத்தில், நாயகியின் தலையிலிருந்த பூவை நாயகன் முத்தமிட்டான். அவளையல்ல, பூவை. சில நொடிகள்தான் இருந்திருக்கும். அந்தச் சில நொடிகளுக்காகக் கொட்டகையில் கல் பறந்தது, திரை கிழிந்தது, ஒரு பெண் ஊரைவிட்டே ஓடினாள்.

நாயகனாக நடித்தவர் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். ஓடிவந்த பெண் மிச்ச வாழ்நாளைக் கழித்ததும் இந்த மாவட்டத்தில்தான்.

*

அகஸ்தீஸ்வரம் ஜே. சி. டேனியல். வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பம். களரியிலும் சிலம்பத்திலும் மோகம் கொண்டவர். வாள்வீச்சைப் பற்றி 1915இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். சினிமா எடுத்தால் களரியை ஊரறியச் செய்யலாம் என்றுதான் அந்தப் பக்கம் திரும்பினார் என்பார்கள். மெட்ராசுக்குப் போனார், யாரும் ஸ்டுடியோவுக்குள் விடவில்லை. பம்பாய்க்குப் போனார். நான் வாத்தியார், பிள்ளைகளுக்கு சினிமாவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும், அதற்காகப் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே நுழைந்தாராம். இந்தப் பொய் எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மூர்க்காரர்கள் வாத்தியார் என்று சொன்னால் எங்கும் கதவு திறக்கும் என்று நம்புகிறவர்கள்.

சொத்தை விற்று, பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஒரு ஸ்டுடியோ தொடங்கினார். கதை, இயக்கம், காமிரா, வெட்டி ஒட்டுவது, நாயக வேஷம் எல்லாம் அவரே. படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. காணாமல் போன பிள்ளை.

கதையை எழுதிவைத்தவர்களின் சுருக்கத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள முடிகிறது. திருவிதாங்கூரில் ஒரு பணக்கார வீட்டுப் பையனைப் பூதநாதன் என்ற வில்லன் இலங்கைக்குக் கடத்திக்கொண்டு போகிறான். பையன் தேயிலைத் தோட்டத்தில் கூலிகளோடு வளர்ந்து, மெல்ல மெல்ல மேலே வந்து சூப்பிரண்டு ஆகிறான். சொந்த ஊரிலிருந்து தற்செயலாக வந்து சேரும் ஜயச்சந்திரன் அவனுக்கு நண்பனாகிறான். இருவரும் ஊர் திரும்புகிறார்கள். ஜயச்சந்திரனுக்கும் காணாமல் போனவனின் தங்கை சரோஜினிக்கும் காதல். முதுகில் இருக்கும் ஒரு தழும்பைப் பார்த்து அண்ணனை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். சுபம்.

ராமாயணமும் பாரதமுமே பெரும்பாலும் படமாகிக்கொண்டிருந்த காலத்தில் இலங்கைத் தோட்டத்தையும் ஒரு குடும்பத்தையும் எடுத்துக்கொண்டது பெரிய துணிச்சல். அன்றைக்கு தெற்குத் திருவிதாங்கூரில் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்த் திரும்பாத ஆண்பிள்ளை இல்லாத ஊர் உண்டா? டேனியல் இல்லாததை எதையும் கற்பனை செய்யவில்லை. தெருவில் கேட்டதைத்தான் எடுத்தார்.

*

இரவில் போனில் பழைய ஒற்றை ரீல் படங்களைப் பார்க்கிறேன். மனைவி அதே அறையில் உறங்குவதால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். பிறகுதான் உறைக்கும், அணைக்க அதில் ஒன்றுமில்லை என்று. இப்போது வலையேற்றுகிறவர்கள் பியானோ சேர்த்துவிடுகிறார்கள். அதுதான் அணைகிறது.

ஒரு ரீல் என்றால் 1,000 அடி. அடிக்கு 16 கட்டம். கையால் சுழற்றும் காமிராவில் நொடிக்குச் சுமார் 16 கட்டம் ஓடும். அப்படியென்றால் ஒரு முழுக் காதல் கதைக்கு மொத்தம் 16,000 கட்டம், பதினாறு பதினேழு நிமிஷம். அதற்குள் சந்திக்க வேண்டும், பிரிய வேண்டும், அழ வேண்டும், சேர வேண்டும்.

எடிசன் கம்பெனி 1896இல் எடுத்த 'தி கிஸ்' அதற்கும் சின்னது. இருபது நொடிக்குள் முடிந்துவிடும். மே இர்வினும் ஜான் ரைஸும் ஒரு நாடகத்தில் வரும் காட்சியை காமிரா முன்னால் திரும்பச் செய்கிறார்கள். இரண்டு பேரும் நடுவயதுக்காரர்கள், பூசின உடம்பு. அதிக நேரமும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் ஆள் மீசையை ஒதுக்கிக்கொண்டு முத்தம் கொடுக்கிறார். அமெரிக்காவிலேயே அதைக் கண்டித்து எழுதினார்கள். எனக்கென்னவோ முத்தத்தைவிட அந்த மீசை ஒதுக்கல்தான் மனசில் நிற்கிறது.

டி. டபிள்யூ. கிரிஃபித் பயோகிராஃப் கம்பெனியில் 1908 முதல் 1913 வரை இப்படி நூற்றுக்கணக்கான குட்டிப் படங்கள் எடுத்தார். அதில் 1910இல் வந்த 'தி அன்சேஞ்சிங் ஸீ' எனக்கு நெருக்கமானது. மீனவன் படகில் போகிறான். மனைவி கரையில் நிற்கிறாள். படகு வரவில்லை. அவன் வேறெங்கோ கரை ஒதுங்குகிறான், நினைவு தப்பிவிட்டது. அவள் வயிற்றில் இருந்த பிள்ளை பிறந்து, வளர்ந்து, பெரியவளாகி, கல்யாணமாகிப் போகிறாள். அம்மா இன்னும் அதே கரையில். காமிரா அவள் முதுகுப் பக்கம்தான் அதிகமும் நிற்கிறது. நமக்கு முகம் தெரிவதில்லை, கடல் தெரிகிறது.

இதைப் பார்க்கும்போது எங்கள் கடற்கரை ஊர்களான சின்னத்துறையும் தூத்தூரும் வள்ளவிளையும் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். வாரக்கணக்கில் பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்போது ஒருநாள் போயிருந்தேன். யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை. எல்லோருடைய முதுகும் என் பக்கம் இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

*

பக்கத்து வீட்டுப் பாட்டாவுக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டருக்குக் கையாளாக இருந்தவர். அவரிடம் கேட்டேன்.

"பாட்டா, ஊமப்படம் பாத்திருக்கேளா?"

"நான் பொறக்கதுக்கு முந்துன சங்கதில்லா மக்கா அது. எங்க அப்பா பாத்திருக்காரு. படம் ஓடும்ப ஒருத்தன் பக்கத்துல நின்னு கத சொல்லுவானாம். இவரு சொல்லுவாரு, படத்தவிட அவன் நல்லா நடிப்பாம்னு."

"காதல் சீன் வந்தா?"

பாட்டா கொஞ்ச நேரம் சிரித்தார். "அப்ப மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டானாம்."

*

விகதகுமாரனுக்கு முதலில் நாயகியாக வந்தவர் பம்பாயிலிருந்து வரவழைத்த லானா என்ற ஆங்கிலோ இந்தியப் பெண். கேட்ட வசதிகள் டேனியலால் தாங்க முடியாதவை, திருப்பி அனுப்பிவிட்டார். குடும்பப் பெண்கள் நாடக மேடை ஏறவே தயங்கிய காலம். தாதாசாஹேப் ஃபால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் 1913இல் தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்ற ஆண், ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையற்காரர். டேனியலும் அந்த வழியில் போயிருக்கலாம். போகவில்லை.

காக்காரிசி நாடகம் ஆடிக்கொண்டிருந்த ஒரு புலையர் வீட்டுப் பெண்ணை அழைத்துவந்தார்கள். தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து ஓடும் தெற்குத் திருவிதாங்கூர்க் கூத்து அது. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தியாக வருவார்கள். பெண்ணின் பெயர் ரோசி. வில்லனாக நடித்த ஜான்சன் மூலம் வந்தார் என்பார்கள். இந்த ஜான்சனின் மகள்தான் பின்னாளில் 'ஜீவித நௌகா'வில் நடித்த பி. எஸ். சரோஜா. ரோசிக்குச் சம்பளம் நாளுக்கு 5 ரூபாய், பத்து நாள் வேலை. தினமும் காலையில் நடந்து வந்து, நடித்துவிட்டு, மாலையில் திரும்பிப் போவார். மதியச் சாப்பாட்டைத் தானே கையில் கொண்டு வந்துவிடுவாராம்.

அவருக்குக் கொடுத்த வேஷம் சரோஜினி, ஒரு நாயர் வீட்டுப் பெண்.

இந்த இடத்தில் நிற்கிறேன். வேஷம் என்பது துணிதான் முதலில். கரை வைத்த முண்டு, மேலே நேரியது, காதில் நகை, தலையில் பூ. நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்குத் துணி சாதாரணமான விஷயமல்ல. மேல்சீலை போட்டதற்காக இங்கே நாடார் பெண்கள் சந்தையில் வைத்து அடிபட்டார்கள். சீலையைக் கிழித்து எறிந்தார்கள். பள்ளிக்கூடங்களும் ஜெபவீடுகளும் எரிந்தன. 1820களில் தொடங்கிய சண்டை 1859இல் மகாராஜாவின் விளம்பரம் வந்த பிறகுதான் ஒருவாறு அடங்கியது. டேனியலின் பாட்டி காலத்துக் கதை இது. அவர் வீட்டில் யாராவது சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். அந்தப் பேரன்தான் இன்னும் கீழே தள்ளப்பட்ட ஒரு பெண்ணுக்கு நாயர் வீட்டு உடுப்பை உடுத்தி, தலையில் பூவும் வைத்து, காமிராவின் முன்னால் நிறுத்தினார். தெரிந்து செய்தாரா? நாயகி கிடைக்காத அவசரத்தில் செய்தாரா? நான் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். அவசரம் என்றே வைத்துக்கொண்டாலும் கை எந்தத் துணியை எடுக்கிறது என்பதில் பாட்டிக்குப் பங்கு இருக்கும்.

*

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். 1928 நவம்பர் 7 என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். பின்னால் தேடிப் பார்த்தவர்கள் 1930 அக்டோபர் 23 என்கிறார்கள். எப்படியானாலும் வக்கீல் மள்ளூர் கோவிந்தப்பிள்ளை தொடங்கிவைத்த முதல் காட்சி. நாயகிக்கு உள்ளே இடமில்லை. பெரிய மனிதர்கள் உட்காரும் இடத்தில் அவர் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

படம் ஓடத் தொடங்கியது. சரோஜினி திரையில் வந்தாள். முணுமுணுப்பு. நாயகன் பூவை முத்தமிட்டான். அப்புறம் கல்.

வேடிக்கை என்னவென்றால் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் காதலைத்தான் பார்க்க வந்தார்கள். தழும்பைப் பார்த்து அண்ணன் தங்கை சேர்கிற காட்சிக்குக் கண் கலங்கத் தயாராக வந்தவர்கள்தான். பேச்சில்லாத படம், ரோசியின் பேச்சிலிருந்து சாதியைக் கண்டுபிடிக்க வழியில்லை. திரையில் இருந்தது நல்ல உடுப்பு உடுத்திய ஒரு அழகான பெண். யார் என்று தெரிந்ததுதான் பிரச்சினை. ஊமைப்படம் எவ்வளவு நல்லவிதமாக மறைத்துக் கொடுத்தாலும் ஊர்வாய் சத்தமாகச் சொல்லிவிட்டது.

பிறகு நடந்ததைப் பல பேர் எழுதிவிட்டார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். இரவில் நாகர்கோவில் பக்கம் போகும் ஒரு லாரியை நிறுத்தி ஏறிக்கொண்டார். அந்த லாரி டிரைவரையே பிற்பாடு மணந்தார். ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்தார். கணவர் வீடு உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட வீடு. நடித்தவள் என்று யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

எந்த வேஷத்துக்காகக் கல்லெறிந்தார்களோ, ஏறக்குறைய அதே வேஷத்தில் நாகர்கோவிலில் பல பத்தாண்டுகள். காமிரா இல்லை, 'கட்' சொல்ல ஆள் இல்லை, நாளுக்கு 5 ரூபாயும் இல்லை.

*

இன்று அகஸ்தீஸ்வரம் போனேன். மீனாட்சிபுரம் பஸ் நிலையத்தில் ஏறி கொட்டாரத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. போகும் வழியில் சுசீந்திரம் தெப்பக்குளம் நிறைந்திருந்தது. 1926இல் இந்தக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எம். இ. நாயுடு முதலானவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1930இல் மறுபடியும். கோயிலுக்குள்ளே போக 1936 வரை பொறுக்க வேண்டியிருந்தது. டேனியல் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்கள். அவர் திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் வண்டி இந்த வழியாகத்தான் வந்திருக்கும்.

சுசீந்திரம் தாண்டினால் வழுக்கம்பாறை. கன்னியாகுமரியில் தேவி காத்திருக்க, கல்யாணத்துக்குப் புறப்பட்ட சுசீந்திரத்துத் தாணுமாலயன் இந்த இடத்துக்கு வந்தபோதுதான் சேவல் கூவியது என்பார்கள். கூவியது நாரதர். முகூர்த்தம் தப்பியது என்று எண்ணி மாப்பிள்ளை திரும்பிப் போனார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிப்போயின. கடற்கரையில் அந்த மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. பதினாறு நிமிஷத்தில் எடுத்துவிடக்கூடிய கதை. பேச்சே தேவையில்லை. பெண் கரையில் நிற்கிறாள், ஆண் பாதையில் நடக்கிறான், பெண், ஆண், சேவல்.

இப்படி மாற்றி மாற்றிக் காட்டும் உத்தியை கிரிஃபித் 1908இல் 'ஆஃப்டர் மெனி இயர்ஸ்' படத்தில் செய்தார். கப்பலுடைந்து தீவில் கிடக்கும் கணவன், வீட்டு வாசலில் நிற்கும் மனைவி. அவன் அவள் படத்தை எடுத்துப் பார்க்கிறான், உடனே இவள். ஒரே சட்டகத்துக்குள் வராத இரண்டு பேர். இப்படிக் குதித்துக் குதித்துக் காட்டினால் ஜனங்களுக்கு எப்படிப் புரியும் என்று கம்பெனியில் கேட்டார்களாம். புரிந்தது. பிரிவு என்றால் என்னவென்று தெரிந்த எவருக்கும் புரியும்.

டேனியல் தோற்ற பிறகு ஸ்டுடியோவை மூடினார். பல் வைத்தியம் படித்துத் தமிழ்நாட்டு ஊர்களில் பல் பிடுங்கிப் பிழைத்தார். பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி. நடிகர் பி. யு. சின்னப்பாவின் பழக்கம் கிடைத்து, மறுபடி சினிமா ஆசை கிளம்பி, மிச்சமிருந்ததையும் இழந்தார் என்பார்கள். கடைசியில் அகஸ்தீஸ்வரத்துக்கே வந்து சேர்ந்தார். 1975 ஏப்ரல் 27இல் இங்கே இறந்தார். அந்தக் கடைசி வருஷங்களில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பஸ் தூரத்தில், நாகர்கோவிலில் ராஜம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோக்காரத் தம்பியிடம் டேனியலைப் பற்றிக் கேட்டேன். "பிரிதிவிராஜ் படம் வந்துதே, அவருதானே அண்ணே?" என்றான். 2013இல் கமல் எடுத்த 'செல்லுலாய்ட்' படத்தைச் சொல்கிறான். நம்ம கமல் அல்ல, மலையாள இயக்குநர் கமல். அகஸ்தீஸ்வரத்துக்காரனுக்கு அகஸ்தீஸ்வரத்துக்காரரை மலையாளப் படம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தெரியவந்தது.

*

டேனியல் தன் படச்சுருளை வீட்டில் வைத்திருந்தார். இளைய மகன் சிறுபிள்ளையாக இருந்தபோது அதைத் துண்டு துண்டாகக் கத்தரித்துத் தீயில் இட்டு, நீல நிறத்தில் எரிவதை வேடிக்கை பார்த்தானாம். பெரியவனான பிறகு அவரே சொல்லி வருந்திய விஷயம் இது.

அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் வெடிப்பஞ்சுக்கு அது நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய பிராண வாயுவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். தண்ணீரில் போட்டாலும் அணையாது. எரிக்காமல் விட்டாலும் நிம்மதியில்லை. நம்மூர் உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் முதலில் படம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கட்டியாக ஒட்டும், கடைசியில் பழுப்பு நிறத் தூளாகும். 1950 வாக்கில்தான் தீப்பிடிக்காத சுருள் பரவலாக வந்தது. இந்தியாவில் எடுத்த ஊமைப்படங்கள் ஏறக்குறைய 1,300. இன்று கிடைப்பவை மிகச் சொற்பம். ஓடி முடிந்த படத்தை வெள்ளிச் சத்துக்காக எடைக்குப் போட்டார்கள்.

அந்தப் பிள்ளையின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கல்லெறிந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், காதலைப் பார்க்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் பார்த்திருந்தால் நஷ்டத்தைப் பார்த்திருப்பார்கள். இவன் ஒருவன்தான் அழகாக இருக்கிறதென்று உட்கார்ந்து பார்த்தான். பூவை முத்தமிட்ட அந்தச் சில நொடி, ஏழெட்டு அடி நீளம் இருக்குமா? அதுவும் ஏதோ ஒரு மாலையில் நீலமாக எரிந்து முடிந்திருக்கும்.

*

இன்னொரு படத்தைச் சொல்லாமல் விட்டால் நாகர்கோவில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். டேனியலின் உறவினர் சுந்தரராஜ். நாகர்கோவிலில் ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் என்று தொடங்கி, சி. வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய 'மார்த்தாண்டவர்மா' நாவலை 1933இல் ஊமைப்படமாக எடுத்தார். இயக்கம் பி. வி. ராவ். அதற்குள் 'ஆலம் ஆரா'வும் 'காளிதாஸ்'ஸும் வந்து படம் பேசத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாகர்கோவில் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

பெயர் ராஜாவுடையது என்றாலும் கதையின் ஈரம் வேறு இடத்தில் இருக்கிறது. அனந்தபத்மநாபன் இறந்துவிட்டான் என்று ஊரெல்லாம் நம்புகிறது. பாறுக்குட்டி மட்டும் நம்பாமல் காத்திருக்கிறாள். பணமும் அதிகாரமும் உள்ள பத்மநாபன் தம்பிக்கு அவளைக் கொடுக்கத் தாய் நினைக்கிறாள். செத்ததாக நினைத்தவனோ பைத்தியக்காரச் சாணான் வேஷத்தில் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறான். உயர்ந்த குலத்தவன் சாணானாக வேஷம் கட்டினால் கதைக்குச் சுவை. அதை நாகர்கோவில் நாடார் ஒருவர் காசு போட்டு எடுத்தார். ரோசி கட்டியது இதற்குத் தலைகீழான வேஷம். அதை ஊர் பொறுக்கவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது, அது சிரிக்கிற விஷயமல்ல என்றாலும்.

நாவலின் உரிமை திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தக டிப்போவிடம் இருந்தது. சுந்தரராஜ் கேட்காமல் எடுத்துவிட்டார். வழக்கு. கேப்பிட்டலில் காட்டத் தொடங்கிய படத்தை நிறுத்தி, சுருள் பதிப்பகத்தின் கைக்குப் போனது. அவர் சினிமாவும் அதோடு தீர்ந்தது.

அந்தப் பெட்டி புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் நாற்பது வருஷம் கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயர் அதைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு போனார். தென்னிந்திய ஊமைப்படங்களில் தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றில் ஒன்றாக அது இன்று இருக்கிறது. எழுத்து அட்டைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து அறுந்து, எடைக்குப் போயிருக்கும். டேனியல் வீட்டில் கிடந்ததைப் பிள்ளை எரித்தது; நீதிமன்றம் பறித்தது பிழைத்தது. சுந்தரராஜுக்கு இதில் ஆறுதல் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஆறுதல் என்பது காசு திரும்ப வந்தால்தான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

*

1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் வீட்டிலும் அன்றைக்குப் பாயசம். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற மலையாளப் பத்திரிகையாளர் 1960களில் டேனியலைக் கண்டுபிடித்து எழுதினார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு முயன்றபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் அல்லவா என்று கேரளத்தில் கையை விரித்துவிட்டார்கள். இந்தப் பக்கமோ, அவர் எடுத்தது மலையாளத்தின் முதல் படம். படத்தில் எந்த மொழியும் இல்லை என்பது இரண்டு பக்கமும் யாருக்கும் தோன்றவில்லை. 1992 முதல் கேரள அரசு தன் பெரிய சினிமா விருதை அவர் பெயரில் கொடுக்கிறது.

ரோசியை முதலில் தேடிப் போனவர்களில் ஒருவர் குன்னுக்குழி மணி. பிறகு வினு ஏப்ரஹாம் 'நஷ்டநாயிகா' என்று நாவல் எழுதினார். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10இல் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்தது, 120ஆவது பிறந்த நாள் என்று. அன்று காலை வடசேரியில் டீக்கடையில் நின்றபடி போனைத் திறந்தேன். யாரோ ஒரு பழங்காலத்து நடிகை என்று தள்ளிவிட்டுச் செய்தி படித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

*

இன்றும் உறக்கம் இல்லை. ஒரு காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானே கற்பனை செய்துகொண்டது.

ஐம்பதுகளில் ஏதோ ஒரு வருஷம். நாகர்கோவிலில் ஒரு கொட்டகை, மாலை ஆட்டம். பெண்கள் பக்கத்தில், பெஞ்சில், ராஜம்மாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வற்புறுத்திக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். படம் பேசுகிறது, பாடுகிறது. நாயகன் நாயகி அருகில் வருகிறான். முன்வரிசைத் தரை டிக்கெட்டில் விசில். பக்கத்துப் பெண் குனிந்து சிரிக்கிறாள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ராஜம்மாள் திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கிறார். இருட்டில் எத்தனை பேர் கையில் என்ன இருக்கிறது என்று.

படம் விட்டு வெளியே வருகிறார்கள். வாசலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பூக்காரி. "அக்கா, பிச்சி, ஒரு முழம் தரட்டா?"

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. மணி மூன்றரை. சாரல் விட்டிருக்கிறது. தோவாளைக்கு முதல் பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.